மழையிலே கரி

மழைத் தண்ணீரைப் போலச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் வேறு கிடையாது என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், 2017-ஆம் வருஷத்துக் கோடை வரையில். அந்தக் கோடையில் திண்டுக்கல்லில் என் அத்தை வீட்டில் நடந்த ஒரு சின்ன சம்பவம், இருநூறு லிட்டர் தண்ணீரையும் என்னுடைய படிப்புக் கர்வத்தையும் சேர்த்து முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டது.

அந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை அடியோடு ஏமாற்றியது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசாங்கமே அறிவித்தது. திண்டுக்கல்லில் சாதாரண வருஷத்திலேயே தண்ணீர் என்றால் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் பேசுவார்கள். மேற்கே பழனி மலைத்தொடர் நின்று தென்மேற்குப் பருவமழையை மறித்துக் கொள்கிறது. ஊர்க் கிணறுகளில் பாதி உப்பு. தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஊரில் வறட்சி வேறு வந்தால் எப்படி இருக்கும்? தெருவே குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் காத்துக் கிடந்தது.

பள்ளிக்கூட லீவுக்கு என் பெண்ணை அழைத்துக் கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மே மாதம். அத்தையும் மாமாவும் ஒரு கல்யாணத்துக்காக நத்தம் போயிருந்தார்கள். நாலு மணி இருக்கும். சிறுமலைக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. புழுதிக் காற்று ஒரு சுழல் சுழன்றது. முதல் சொட்டு விழுந்ததுமே மண் வாசனை ‘கம்’மென்று எழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், கொல்லையிலிருந்த நீல டிரம்மை உருட்டிக் கொண்டு வந்து தாழ்வாரத்துத் தகரத்தின் அடியிலே வைத்தேன். முக்கால் மணி நேரம் பெய்தது. டிரம் நிரம்பி வழிந்தது. என் பெண் கைதட்டினாள்.

இரவு அத்தை வந்து டிரம்மைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

“ஏம் பாப்பா, முத மழைத் தண்ணியையா பிடிச்சு வச்சே?”

“ஆமாம் அத்தை! ஒரு சொட்டு வீணாகவில்லை.”

“கொட்டிரு. அது வானம் கழுவின தண்ணி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. பகவான் கொடுத்ததைக் கொட்டச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?” என்றேன். மழை என்பது கடல் நீர் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து விழுவது, ஆகவே அது வாலை வடித்த தண்ணீருக்குச் சமானம் என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தை ஒப்பித்தேன். மாமா நடுவே வந்து, “இருக்கட்டும் விடு, துணியைக் கட்டி மூடி வை. குடிக்க வேண்டாம், பருப்பு வேக வைக்கலாம்” என்று சமாதானம் பண்ணினார். (திண்டுக்கல் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். கடின நீரில் பருப்பு வேகாது. மழைத் தண்ணீரில் பஞ்சாய்க் குழையும்.)

ஒன்பதாவது நாள் டிரம்மைத் திறந்தேன். மேலே பளபளவென்று ஒரு ஏடு. தொட்டால் வழவழப்பு. குளத்துப் பாசி நாற்றம். வாசலில் ஒரு குடம் தண்ணீருக்குக் காசை எண்ணிக் கொடுத்துக் கொண்டிருந்த சமயத்தில், இருநூறு லிட்டர் தண்ணீரை வாளி வாளியாக முருங்கைக்கு ஊற்றினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. “படிச்ச பிள்ளை” என்று மட்டும் சொன்னார். அது போதாதா?

சென்னைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக, மழைத் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். தேடத் தேட அத்தை கட்சியே வலுத்துக்கொண்டு போயிற்று.

மழைத் தண்ணீரில் இருப்பது பலவகை. உப்பு இருக்கிறது, புழுதி இருக்கிறது, மின்னலும் மோட்டார் வண்டிகளும் உண்டாக்கிய நைட்ரஜன் இருக்கிறது. இவையெல்லாம் பழைய கதை. நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றி அல்ல. மழைத் தண்ணீரில் கரி இருக்கிறது!

கரி என்றதும் அடுப்புக் கரியை நினைத்துக் கொள்ளாதீர்கள். கார்பன் என்று உங்கள் பையன் படிக்கிறானே, அதுதான். சர்க்கரை, நல்லெண்ணெய், புளி, காடி, மல்லிகையின் மணம், மரத்தின் பிசின் எல்லாவற்றுக்கும் ஆதாரச் சரக்கு கரிதான். உயிருள்ள பொருள்களில் உண்டாகி, அல்லது அவை எரிவதாலும் மக்குவதாலும் கிளம்பி, மழையில் கரைந்து இறங்குகிற இந்தக் கரிச்சத்தை விஞ்ஞானிகள் தனியே பிரித்து அளக்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள் என்றால், தண்ணீரிலுள்ள கரிச்சத்தையெல்லாம் எரித்துக் கரியமில வாயுவாக்கி, அந்த வாயு எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறார்கள்.

நிலத்தின்மேல் பெய்கிற மழையில் பொதுவாக லிட்டருக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் கரிச்சத்து இருக்கும். இரண்டு மூன்று சர்க்கரைக் கல்லின் எடை, அவ்வளவுதான். கடல்மேல் பெய்கிற மழையில் இதைவிட வெகு குறைவு. இந்த ஒரு வித்தியாசமே ஒரு சேதி சொல்லுகிறது: சரக்கு ஏறுவது நிலத்திலிருந்துதான்.

இரண்டு மில்லிகிராம் என்ன பிரமாதம் என்கிறீர்களா? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஜோன் வில்லி என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் உலகம் முழுவதற்கும் கணக்குப் போட்டார்கள். மழையோடு கரைந்து இறங்கும் கரிச்சத்து ஆண்டுக்குச் சுமார் 43 கோடி டன்! உலகத்து நதிகளெல்லாம் சேர்ந்து கடலுக்குக் கரைத்துக் கொண்டு போகும் கரிச்சத்தைவிட அதிகம் இது.

நம் ஊர்க் கணக்கையும் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நாலாயிரம் லிட்டர். திண்டுக்கல் சமவெளியில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொண்டால் 32 லட்சம் லிட்டர். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்றால், வேடசந்தூர்ப் பக்கத்திலே ஒரு ஏக்கர் சோளக் கொல்லைக்கு வருஷத்தில் ஆறு கிலோவுக்குமேல் கரிச்சத்து ஆகாயத்திலிருந்து வந்து சேருகிறது. “அப்படியானால் எரு போட வேண்டாமா?” என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி எருவில் இருப்பதற்கு முன்னால் இந்த ஆறு கிலோ எம்மாத்திரம்? அதிலும் பெரும்பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சுடச்சுடத் தின்று, கரியமில வாயுவாக மறுபடி மேலே அனுப்பி விடுகின்றன.

சரி, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

முதல் குற்றவாளி நம் மரம் செடி கொடிகள். நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்து வழியாகப் போயிருக்கிறீர்களா? மூக்குக்கு வருகிறதே மணம், அது என்ன? பூவிலிருந்து ஆவியாகிக் கிளம்பிய கரிப் பொருள்தான். பூ ஒன்றுதான் என்று எண்ணாதீர்கள். இலைகள் அதைவிடப் பெரிய வியாபாரிகள். வெயில் ஏற ஏற, அநேக மரங்களின் இலைகள் ‘ஐசோப்ரீன்’ என்ற ஆவியை விடுகின்றன. சூட்டிலிருந்து தங்களைக் காத்துக் கொள்ள அது உதவுகிறதாம். இரவானால் கடையைச் சாத்திவிடுகின்றன. கொடைக்கானல் மலையில் நட்டு வைத்திருக்கிறோமே யூகலிப்டஸ் என்ற தைல மரம், அது இந்தக் காரியத்தில் கெட்டிக்காரன். உலகத்து மரங்கள் விடும் ஐசோப்ரீன் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன்.

தூரத்து மலை நீலமாகத் தெரிவதில் இந்த ஆவிகளுக்கும் பங்கு உண்டு என்று 1960-இல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவர விஞ்ஞானி எழுதினார். மரங்கள் விடும் ஆவி வெயிலில் மாறி மிக நுண்ணிய துகளாகிறது. அந்தத் துகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. அடுத்த தடவை மதுரையிலிருந்து ரயிலில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே சிறுமலை நீலமாகத் தெரிந்தால், கவிஞர்கள் சொன்னதோடு இதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

இந்த ஆவிகள் காற்றில் அப்படியே இருந்து விடுவதில்லை. வெயில் பட்டு, சில மணி நேரத்தில் உருமாறுகின்றன. மாறும்போது உண்டாகிற பொருள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நாம் காடி என்கிறோமே, அந்தப் புளிப்பின் அமிலம். இன்னொன்று எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அந்த ஃபார்மிக் அமிலம். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வாலையில் இட்டு வடித்து அதைப் பற்றி எழுதினார். எறும்பின் லத்தீன் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் தண்ணீரைக் கண்டால் ஓடிப்போய்க் கரைந்து கொள்ளும் ஜாதி. மேகத் துளி கிடைத்தால் விடுமா? ஆஸ்திரேலியாவில் காதரின் என்று ஒரு ஊர். சுற்றிலும் தொழிற்சாலை கிடையாது. அங்கே பெய்த மழை மட்டும் புளிப்பு! 1980-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த மழையைச் சோதித்ததில், புளிப்பில் பாதிக்குமேல் காடியும் எறும்பு அமிலமுந்தான் என்று கண்டார்கள். மழையில் புளிப்பு என்றாலே ஆலைப் புகைதான் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஒரு அதிர்ச்சி.

இரண்டாவது, மண். உழுத நிலத்திலிருந்து காற்று கிளப்பும் புழுதியில் மக்கிய இலை, வேர், எரு எல்லாம் பொடியாகிக் கலந்திருக்கிறது. இது யாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமலிருந்தது வேறு: மழையே மண்ணைக் கிளப்புகிறது! 2015-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில், மழைத் துளி மண்ணில் விழுவதை அதிவேகக் காமிராவில் படம் எடுத்தார்கள். துளி மண்ணைத் தொட்டதும் அதன் அடியிலே சிறு சிறு காற்றுக் குமிழிகள் அகப்பட்டுக் கொள்கின்றன. சோடாவைத் திறந்தால் குமிழி பொங்குகிறதல்லவா, அந்த மாதிரி அவை மேலே வந்து வெடித்து, கண்ணுக்குத் தெரியாத திவலைகளை வீசுகின்றன. அந்தத் திவலைகளில் மண்ணின் சத்தும் சேர்ந்து ஏறுகிறது. முதல் சொட்டு விழுந்ததும் வாசனை வந்ததாகச் சொன்னேனே, அது மூக்குக்கு வந்த வழி இதுதான். 1964-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு பேர் அந்த வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது அவர்களாக இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் கன்னோசி நகரத்து அத்தர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மண்ணை வடித்து, அந்த வாசனையைச் சீசாவில் அடைத்து விற்றுக் கொண்டிருந்தார்கள்!

2016-இல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா விவசாய நிலங்களில் மழை ஓய்ந்த பிறகு காற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். அதிலிருந்த துகள்களில், சில சமயம் பாதிக்குமேல், கண்ணாடிக் குண்டு போல உருண்டிருந்த மண்ணின் கரிச்சத்து! அதாவது இன்றைய மழை வயலில் விழுந்து, வயலின் கரியைக் காற்றில் ஏற்றிவிட்டுப் போகிறது. நாளைய மழை அதைத் திரும்பக் கொண்டு வருகிறது. அண்டை வீட்டுக்காரிகள் புளியும் மிளகாயும் கடன் வாங்கிக் கொள்வது மாதிரிதான்.

சில சமயம் இந்தக் கரிச்சத்து உயிரோடேயே வந்து இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2001 ஜூலையில் கோட்டயம் முதலிய இடங்களில் சிவப்பு மழை பெய்தது நினைவிருக்கிறதா? உலர்த்தப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் ரத்தக் கறை போல ஆயிற்றாம். வேற்றுக் கிரகத்து உயிர் என்று கூடச் சிலர் சொன்னார்கள். திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். அத்தனையும் அந்தப் பக்கத்து மரங்களில் படர்கிற ‘டிரென்டிபோலியா’ என்ற பாசியின் விதைத்தூள். வேற்றுக் கிரகமும் இல்லை, ஒன்றும் இல்லை. எதிர்த் தோட்டத்துச் சரக்கு!

இதுவரையில் சொன்னதைக் கேட்டு, “மரமும் மண்ணும் பாசியுந்தானே, அதனால் என்ன?” என்று நீங்கள் நிம்மதியடைந்திருக்கலாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுச் சமாசாரம்.

வி. ராமநாதன் என்ற விஞ்ஞானியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவுக்குப் போனவர். 1999-இல் அவரும் பல நாட்டு விஞ்ஞானிகளும் மாலத்தீவை மையமாக வைத்துக்கொண்டு, விமானத்திலும் கப்பலிலும் போய் இந்து மகாசமுத்திரத்தின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் நம் தேசத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றிலே, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய புகைப் படலம் பரவியிருப்பதைக் கண்டார்கள். இந்தப் புகை யாருடையது என்று உடனே வழக்கு ஆரம்பமாகிவிட்டது. மோட்டாரும் ஆலையும் விட்டதா? அல்லது ஏழைகளின் அடுப்பு விட்டதா?

வழக்கைத் தீர்க்கக் கரியே சாட்சி சொன்னது. உயிருள்ள மரத்தின் கரியில் ‘கார்பன்-14’ என்ற ஒரு வகை மிகச் சிறிதளவு இருக்கும். மரம் செத்த பிறகு அது மெல்ல மெல்லக் குறையும். 5,730 வருஷத்தில் பாதியாகும். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷத்துப் பழசு. அவற்றில் அது துளிக்கூட மிச்சமிராது. ஆகவே புகைத்தூளில் கார்பன்-14 இருந்தால் அது விறகு, வறட்டி, வைக்கோல், சருகு எரிந்த புகை. இல்லாவிட்டால் டீசலும் நிலக்கரியும். ஸ்வீடன் தேசத்து ஓர்யன் குஸ்தாஃப்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாலத்தீவிலும், புனாவுக்குப் பக்கத்தில் சிம்மகட் மலையிலும் பிடித்த தூளை இந்த விதமாகச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கரித்தூளில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப் பொருள்கள் எரிந்ததால் வந்தது!

இன்னொரு சாட்சியும் உண்டு. விறகு எரியும்போது அதன் நார்ச்சத்து உடைந்து ‘லெவோகுளுக்கோசான்’ என்ற ஒரு வகைச் சர்க்கரை உண்டாகிறது. டீசல் எரிந்தால் அது வராது. தண்ணீரில் அது நன்றாகக் கரையும். மழைத் தண்ணீரில் அது அகப்பட்டால், எங்கோ ஒரு அடுப்போ, வயலோ, காடோ எரிந்திருக்கிறது என்று அர்த்தம். புகையிலே சர்க்கரை! நம்ப முடிகிறதா?

இதைப் படித்தபோது எனக்கு அத்தை வீட்டுக் கொல்லை கண்முன்னே வந்து நின்றது. அத்தையின் சமையல் காஸ் அடுப்பில்தான். ஆனால் வெந்நீர் அடுப்பு கொல்லையிலே இருக்கிறது. “காஸ் விக்கிற விலையில வெந்நி போடவா?” என்பார். தென்னை மட்டை, பன்னாடை, பழைய செருப்புப் பெட்டி, பால் கவர் எல்லாம் அதற்குள்ளேதான் போகும். விடியற்காலை ஐந்து மணிக்கு அத்தை அதை ஊதி ஊதி இருமுவார். அந்த இருமல் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். அத்தை வீடு ஒன்றா? தெருவில் பாதி வீட்டுக் கொல்லையில் அந்த நேரத்தில் புகை. ஊருக்கு வெளியே போனால், அறுத்த மக்காச்சோளத் தட்டையை, கரும்புத் தோகையைக் கொளுத்துகிறார்கள். காளவாசலில் செங்கல் வேகிறது. திருச்சி ரோட்டிலும் மதுரை ரோட்டிலும் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. எல்லாம் ஏறி மேலே சேருகின்றன. கோடை மழை மேகம் வெகு தூரத்திலிருந்து வருவதில்லை. அன்று பகல் வெயிலில் உள்ளூர்க் காற்றே சூடாகிக் கிளம்பித் திரண்ட மேகம் அது. அத்தையின் வெந்நீர் அடுப்புப் புகையில் ஒரு துணுக்காவது, நான் டிரம் வைத்துப் பிடித்த மழையில் இறங்கியிருக்கத்தான் வேண்டும்.

காஸ் அடுப்பு வந்ததால் இந்தப் புகை குறையவில்லையா என்று கேட்பீர்கள். வாஸ்தவம், குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இலவச காஸ் அடுப்புத் திட்டம் வந்தது. 2016-இல் மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டமும் வந்தது. ஆனால் அடுப்பு கொடுப்பது ஒரு செலவு. சிலிண்டர் மாற்றுவது மாதாமாதச் செலவு. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் சுள்ளி சும்மா கிடைக்கிறது. பட்டணத்தில் உட்கார்ந்து கொண்டு, “ஏன் இன்னும் விறகு எரிக்கிறார்கள்?” என்று கேட்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வானத்துக்குப் போகிற புகை முதலில் அந்தப் பெண்பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்விட்டுத்தான் போகிறது.

இப்போது டிரம்முக்கு வருவோம். மாதக்கணக்கில் மழையில்லாத காற்றிலே புழுதி, புகை, மகரந்தம், ஆவி எல்லாம் மிதந்து கொண்டிருக்கும். முதலில் விழுகிற மழை இவற்றையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு வருகிறது. மழை பெய்யப் பெய்யச் சரக்கு குறைந்து கொண்டே போகும். எந்த நாட்டில் அளந்து பார்த்தாலும் இதுதான் கதை. அத்தை “வானம் கழுவின தண்ணி” என்றாரே, அதற்குமேல் ஒரு விஞ்ஞானி என்ன சொல்லிவிட முடியும்? போதாக்குறைக்கு நான் பிடித்தது தகரக் கூரையில் வடிந்த தண்ணீர். கூரையிலே காக்கை எச்சம், வேப்பஞ்சருகு, ஆறுமாதத் தூசி. உண்மையைச் சொன்னால், டிரம் நாறியதில் ஆகாயத்தின் குற்றத்தைவிடக் கூரையின் குற்றமே பெரிது. ஆனால் நாற்றத்தின் காரணம் இரண்டிலும் ஒன்றுதான். கரிச்சத்து நுண்ணுயிர்களுக்குச் சோறு. சோறு இருக்கிற பாத்திரத்தை ஒன்பது நாள் மூடி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒரு குழாய் மாடியிலிருந்து இறங்குகிறது. அது மண்ணுக்குள் போகிறதென்றால் கவலையில்லை. மண் வடிகட்டிக் கொள்ளும். தொட்டியில் சேர்த்துப் புழங்குகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். கோடையின் முதல் மழையையும், ஐப்பசியில் முதல் நாள் மழையையும் தொட்டிக்குள் விடாதீர்கள். அதற்குப் பிறகும், ஒவ்வொரு மழையிலும் முதல் கால் மணி நேரத்தை வெளியே திருப்பி விடுங்கள். செடிக்கு ஊற்றலாம், முற்றம் கழுவலாம். மழைக்காலத்துக்கு முன்னால் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். தேற்றாங்கொட்டையைக் குடத்தில் உரைத்துத் தெளிய வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நல்ல பழக்கந்தான். கலங்கல் அடியில் தங்கும். ஆனால் கரைந்துபோன கரியை அது எடுக்காது. குடிப்பதானால் தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நான் மறுபடி திண்டுக்கல் போனேன். அத்தையிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு உபாயம் வேண்டியிருந்தது. இரண்டு சில்வர் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துக் கொண்டேன். மழை ஆரம்பித்ததும் ஒன்றை மொட்டை மாடியில், கூரைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஒரு முக்காலி மேல் வைத்தேன். கால் மணி கழித்து அதை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தேன். இரண்டையும் கூடத்தில், மெல்லிய துணியால் மூடி, தண்ணீர் வற்றும் வரையில் வைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. முதல் தட்டில் பழுப்பாக ஒரு வளையமும் நடுவே பொடியும் இருந்தன. இரண்டாவது தட்டில் தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஒரு கோடு. (காடியும் எறும்பு அமிலமும் தண்ணீரோடு பறந்துவிடும். தட்டில் தங்குவது புழுதியும் கரித்தூளும் உப்புந்தான். அதுவே பார்க்கப் போதுமானதாக இருந்தது.)

அத்தை முதல் தட்டில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். வெந்நீர் அடுப்புச் சுவரில் படிந்திருக்குமே, அந்தக் கறுப்பில் கொஞ்சம் அவர் விரலில் இருந்தது. நான் கார்பன்-14-ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கிக் கொண்டாரா என்பது சந்தேகம். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“ஏம் பாப்பா, அப்ப அந்த வெந்நி அடுப்புல போடுறது இதுலயும் வருமா?”

“கொஞ்சம் வரும் அத்தை.”

“பால் கவரு?”

“அதுவுந்தான்.”

அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. வழக்கமான இருமல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்து கொண்டிருந்தது. தென்னை மட்டை மட்டுந்தான் எரிந்தது. பால் கவர்களைக் கழுவி, கொடியிலே கிளிப் போட்டு வரிசையாகத் தொங்க விட்டிருந்தார்.

“பழைய பேப்பர்க்காரன் எடுத்துக்கிருவானாம்ல?” என்றார் அத்தை.